படியும் சாய்தளமும்: காத்தான்குடியின் பொதுக் கட்டடங்களில் அணுகுவசதி

வீதி மட்டத்துக்கும் கட்டடத்தின் தரைமட்டத்துக்கும் இடையிலுள்ள உயரமே அணுகுவசதியின் முதற் கணக்கு. கிழக்கிலங்கையின் முஸ்லிம் நகரான காத்தான்குடியில் இந்தக் கணக்கு பல ஊர்களைவிடக் கடினமானது. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். அதற்குள் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே சுமார் 40,000 பேர் வாழ்ந்தார்கள். வடகீழ்ப் பருவமழை உச்சம் பெறும் மாதங்களில் நிலத்தடி நீர் மேலெழும். தாழ்ந்த ஒழுங்கைகளில் தண்ணீர் தேங்கும். அதற்கு அஞ்சி வீடு கட்டுபவரும் கடை கட்டுபவரும் அத்திவாரத்தை உயர்த்துகிறார்கள். பழைய வீதியின் மேல் கொங்கிரீட்டோ காபட்டோ போட்டு வீதி உயர்ந்துவிட்டால், அடுத்துக் கட்டுபவர் இன்னும் ஒரு படி கூட்டுகிறார். இப்படித்தான் வாசலில் மூன்று படி, நான்கு படி சேர்கிறது. ஊன்றுகோலுடன் வருபவர் அதில் தட்டுத்தடுமாறி ஏறிவிடுவார். சக்கர நாற்காலியில் வருபவர் வீதியிலேயே நின்றுவிடுவார்.

இரண்டாவது சிக்கல் காணியின் அகலம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பது நெடுநாள் வழக்கம். ஒரு தலைமுறையில் ஒரு வளவாக இருந்தது அடுத்த தலைமுறையில் இரண்டு, மூன்று வளவாகப் பிரியும். பிரிக்க இடமில்லாதபோது வீடு மேலே எழும். ஒரு பேர்ச் என்பது 25.3 சதுர மீற்றர்தான். பேர்ச் கணக்கில் எண்ணி வாங்கும் காணியில் வாசலுக்கு முன் ஏழு மீற்றர் நீளமான சாய்தளம் போட யாருக்கும் மனம் வராது. சாய்தளத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது ஒருபோதும் வராது என்பதற்குக் காரணம் இதுவே. அதற்குரிய இடத்தை வரைபடத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

சட்டம் என்ன கேட்கிறது

இலங்கையில் இந்த விடயத்துக்கு அடிப்படை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். பொதுமக்களில் வேறெவரும் செல்லக்கூடிய கட்டடத்துக்கோ இடத்துக்கோ செல்வதிலும் அதைப் பயன்படுத்துவதிலும், இயலாமையைக் காரணம் காட்டி ஒருவருக்குத் தடையோ நிபந்தனையோ விதிக்கக்கூடாது என்று அதன் 23ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கொள்கையை அளவுகளாக மாற்றியது 2006 ஒக்டோபர் 17ஆம் திகதிய 1467/15ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வெளியான அணுகுவசதி ஒழுங்குவிதிகள். பொதுக் கட்டடங்கள், பொது இடங்கள், பொதுச் சேவைகள் வழங்கப்படும் இடங்கள் ஆகியவை அதற்குள் அடங்கும். ஏற்கெனவே நின்ற கட்டடங்களைத் திருத்துவதற்கு மூன்று ஆண்டு அவகாசம் கொடுக்கப்பட்டது. அந்த அவகாசம் 2009இல் நீட்டப்பட்டது. நீட்டிய காலமும் முடிந்து நெடுநாளாகிறது. படிகள் அப்படியே இருக்கின்றன.

ஒழுங்குவிதிக்குப் பல் முளைத்தது 2011 ஏப்ரல் 27இல். மரமொன்று காரின் மீது விழுந்ததால் சக்கர நாற்காலியில் வாழ நேர்ந்தவரும் இரசாயனவியலாளரும் முன்னாள் கிரிக்கெட் நடுவருமான கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா தாமே உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு (221/2009) தாக்கல் செய்திருந்தார். புதிதாகக் கட்டப்படும் பொதுக் கட்டடங்களின் எல்லாப் பகுதிகளும், குறிப்பாக மலசலகூடமும் கழுவுமிடமும், 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும், மீறுபவர்கள் சட்டப்படி தண்டனைக்கு உள்ளாவார்கள் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. நீதிமன்றம் மலசலகூடத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதைக் கட்டடக்காரர்கள் கவனிக்க வேண்டும். முன்வாசலில் ஒரு சாய்தளத்தை ஒட்டிவிட்டு விதி நிறைவேறிவிட்டது என்று கணக்குக் காட்டும் வழக்கத்துக்கு அங்கேயே பதில் சொல்லப்பட்டுவிட்டது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்தது. அதன் 9ஆம் உறுப்புரை அணுகுவசதி பற்றியது. அயலில் இந்திய உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8இல் ராஜீவ் ரத்தூரி வழக்கில் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சுட்டியது. அளவுகளைப் பரிந்துரையாக மட்டும் வைத்திருந்தால் சட்டம் நிறைவேறாது, கட்டாயமான விதிகள் தனியாக வேண்டும் என்பதே அது. இலங்கையில் கட்டாய விதி இருக்கிறது. குறை, வரைபடம் பார்க்கும் மேசையிலும் இணக்கச் சான்றிதழ் வழங்கும் கையெழுத்திலும் இருக்கிறது.

இனி வரும் அளவுகள் உலக நடைமுறையில் பரவலாக ஏற்கப்பட்டவை. வரைபடம் கீறுபவர் இவற்றை 2006ஆம் ஆண்டு வர்த்தமானியுடனும், நகர அபிவிருத்தி அதிகார சபையின் 2021ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளுடனும் ஒப்பிட்டு, எது கூடுதல் வசதி தருகிறதோ அதை எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

சாய்தளம்

சாய்வுக்குரிய பொது எல்லை 1:12. ஓர் அலகு ஏற பன்னிரண்டு அலகு ஓட வேண்டும். மேசன்மாரின் கணக்கில் சொன்னால், ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். தரைமட்டம் வீதியிலிருந்து 450 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தால் 5.4 மீற்றர் நீளம் தேவை. 600 மில்லிமீற்றர் என்றால் 7.2 மீற்றர். இது சாய்வின் நீளம் மட்டும். மேலே கதவின் முன்னும் கீழே தொடக்கத்திலும் 1.5 மீற்றருக்கு 1.5 மீற்றர் சமதளம் வேண்டும். கதவைத் திறக்கும்போது நாற்காலி பின்னோக்கி உருளாமலிருக்க அந்தச் சமதளம் அவசியம்.

1:12 என்பது எல்லை; அதைத்தான் போட வேண்டும் என்றில்லை. அமெரிக்க விதி 1:12 சாய்வில் ஒரே ஓட்டத்தில் 760 மில்லிமீற்றர் வரை ஏறவிடும். பிரித்தானிய வழிகாட்டலோ அதே சாய்வுக்கு 166 மில்லிமீற்றர் உயரம், இரண்டு மீற்றர் நீளம் என்று நிறுத்திவிடுகிறது; அரை மீற்றர் ஏற வேண்டுமானால் 1:20 சாய்வு கேட்கிறது. இரண்டில் பிரித்தானியக் கணக்கே உடலுக்கு நெருங்கியது. காத்தான்குடியின் பகல் வெயிலில், துணையாளின்றி, கையால் உருட்டி 7 மீற்றர் நீளமான 1:12 சாய்வில் ஏறுவது இளைஞருக்கே கடினம். 1:8, 1:6 என்று செங்குத்தாகக் கட்டப்பட்டவை மோட்டார் சைக்கிள் ஏற்ற உதவும். அவற்றில் சக்கர நாற்காலிக் குறியீட்டை வரைவது ஆபத்தான பொய்.

இடமில்லாத காணியில் சில வழிகள் இருக்கின்றன. முதலாவது, சாய்தளத்தை மடித்துக் கட்டுவது. 600 மில்லிமீற்றர் உயரத்தை 3.6 மீற்றர் நீளமான இரண்டு ஓட்டங்களாகப் பிரித்து நடுவில் திரும்பு தளம் வைத்தால், மேல், கீழ்ச் சமதளங்கள் நீங்கலாக, சுமார் 5.1 மீற்றர் நீளமும் 2.5 மீற்றர் அகலமுமான இடத்துக்குள் அது அடங்கும். இரண்டாவது, சுவரோரமாக ஓடவிடுவது. கட்டடத்தின் பக்கச் சுவருக்கும் மதிலுக்கும் இடையில் விடும் ஒடுங்கிய வெளி பெரும்பாலும் பழைய பலகைகளும் உடைந்த கதிரைகளும் போடும் இடமாகிவிடுகிறது, 1.2 மீற்றர் அகலம் கிடைத்தால் அதுவே சாய்தளம். மூன்றாவது வழி கடைகளுக்கு மிகப் பொருந்தும். கடையின் முன்பகுதித் தரையை வீதியிலிருந்து 150 மில்லிமீற்றர் அளவிலேயே வைத்து, களஞ்சியம் இருக்கும் பின்பகுதியை மட்டும் உயர்த்துவது. வெள்ள நாட்களில் வாசலில் பொருத்தி எடுக்கக்கூடிய தடுப்புப் பலகை முன்பகுதியைக் காக்கும். ஆண்டில் சில நாட்கள் வரும் தண்ணீருக்காக ஆண்டு முழுவதும் படி கட்டிவைக்கத் தேவையில்லை.

எந்த வழியானாலும் சாய்தளம் வீதிக்குள் நீளக்கூடாது. நடைபாதையையோ வடிகானையோ மறித்துக் கட்டியதை நகரசபை உடைத்தால் குறைசொல்ல முடியாது. வடிகான் மூடியின் துளை நாற்காலியின் முன்சில்லு விழாத அளவுக்கு ஒடுக்கமாக, 13 மில்லிமீற்றரைத் தாண்டாமல் இருக்க வேண்டும்; நீண்ட துளையானால் அது போகும் திசைக்குக் குறுக்காக அமைய வேண்டும்.

இரண்டு பக்கமும் கைப்பிடிக் குழாய் வேண்டும். உயரம் 850 முதல் 950 மில்லிமீற்றர். சிறுவருக்கும் நாற்காலியில் இருப்பவருக்குமாக 700 மில்லிமீற்றர் அளவில் இன்னொன்று. சாய்வு தொடங்குமுன்னரே 300 மில்லிமீற்றர் நீண்டு, நுனி கீழ்நோக்கியோ சுவர்நோக்கியோ வளைந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் சட்டைக் கையும் அபாயாவும் மாட்டும். கடற்காற்று உப்பு நிறைந்தது. சாதாரண இரும்புக் குழாய் இங்கே துருவேறிக் கையை வெட்டும். துருப்பிடிக்காத உருக்கிலும் 304 தரத்தைவிட 316 தரம் உப்புக்காற்றைத் தாங்கும். ஓரத்தில் 75 மில்லிமீற்றர் உயரத் தடுப்புக் கட்டு இருந்தால் சில்லு வெளியே வழுகாது. மேற்பரப்புக்குப் பளபளப்பான மாபிளோ தரைஓடோ கூடாது. துடைப்பத்தால் கீறிய சீமெந்துப் பூச்சு மலிவு, நனைந்தாலும் வழுக்காது. காற்று கொண்டுவரும் மணலைக் கூட்டுவது காவலாளியின் அன்றாட வேலையில் சேர்க்கப்பட வேண்டும்.

கதவு, நடைவழி

கதவைத் திறந்தபின் கிடைக்கும் தெளிவான அகலம் 850 மில்லிமீற்றருக்குக் குறையாதிருப்பது நல்லது. நிலையின் அகலத்தையும் கதவின் அகலத்தையும் குழப்பிக்கொள்வதுதான் இங்கே வழக்கமான தவறு. நிலைக்கதவின் அடிக்கட்டை கண்டிப்பாக வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் 15 மில்லிமீற்றருக்குள், சரித்துவிட வேண்டும். உருண்டைக் குமிழைத் திருகப் பிடிப்பு வலு தேவை, நெம்புகைப்பிடிக்கு முழங்கையே போதும். நடைவழி 1.2 மீற்றர். திரும்புமிடங்களில் 1.5 மீற்றர் விட்டமுள்ள வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் தண்ணீர்ப் போத்தல் இயந்திரத்தையோ பூச்சாடியையோ வைத்துவிட்டால் அளவு எழுதியது வீண்.

பள்ளிவாயல்

காத்தான்குடியில் மிகக் கூடுதலான மக்கள் ஒரே நேரத்தில் ஒன்றுகூடும் கட்டடம் பள்ளிவாயல். ஆகவே ஊரின் அணுகுவசதியை அளக்க வேண்டுமானால் அங்கிருந்துதான் அளக்க வேண்டும். மேலைநாட்டுக் கையேடுகள் பெரும்பாலும் இதற்கு உதவா. அவை தேவாலயத்தின் மர இருக்கைகளைப் பற்றிப் பேசும். தரையில் தொழுமிடம், செருப்புக் கழற்றும் எல்லை, தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தம் செய்யும் வுழூவுக்கான இடம் ஆகிய மூன்றும் இங்கே தனியாக யோசிக்க வேண்டியவை.

செருப்புக் கழற்றும் இடம் பெரும்பாலும் படியின் அடியிலேயே இருக்கிறது. சாய்தளத்தின் அடியிலும் செருப்புகள் குவிந்துவிட்டால் சில்லு ஏறாது, ஊன்றுகோல் வழுகும். சாய்தளத்திலிருந்து விலகிய சுவரில் தட்டு அமைத்து, பக்கத்தில் கைப்பிடியுள்ள வாங்கு ஒன்று போட்டால் வயோதிபர் அமர்ந்து கழற்றுவார். வெளியே ஓடிய சில்லுடன் தொழுமிடத்துக்குள் வருவது சுத்தம் பற்றிய தயக்கத்தை உண்டாக்கும். இதற்கு எளிய தீர்வுகள் உண்டு. உள்ளே மட்டும் பயன்படும் சக்கர நாற்காலி ஒன்றைப் பள்ளிவாயலே வைத்திருக்கலாம். அல்லது வாசலில் தண்ணீர்க் குழாயும் துடைக்கும் துணியும் வைக்கலாம். சில்லுக்குப் போடும் துணியுறையும் போதும். நாற்காலியில் வருபவரை விறாந்தையில் நிறுத்திவைப்பது தீர்வாகாது. தொழுகை வரிசையான ஸஃப்பின் ஓரத்தில், தூணால் மறையாத இடத்தில், 900 மில்லிமீற்றர் அகலமும் 1.2 மீற்றர் ஆழமுமான இடங்கள் சிலவற்றை அடையாளமிட்டு விட்டால் அவரும் வரிசையில் சேர்வார்.

நீர்த்தொட்டியான ஹவுழின் விளிம்பில் குந்தி வுழூச் செய்வது முழங்கால் மடங்குபவருக்கு உரியது. குழாய் வரிசையுள்ள பள்ளிவாயல்களிலும் கற்குற்றிகள் நிலைத்திருப்பதால் நாற்காலி நெருங்க முடியாது. ஒரு பிரிவைக் குற்றியில்லாமல் விட்டு, அகலத்தை ஒரு மீற்றராக்கி, நெம்புப்பிடியுள்ள குழாயை இருந்தபடி எட்டும் உயரத்தில் வைத்தால் போதும். வுழூவில் காலும் கழுவப்பட வேண்டும் என்பதால், அந்தப் பிரிவில் நீளமான இறப்பர்க் குழாயும் பிடித்துக்கொள்ளச் சுவர்ப்பிடியும் தேவை. இன்னொரு பிரிவில் 450 மில்லிமீற்றர் உயரத்தில், சாய்மானமுள்ள இருக்கை அமைத்தால் அது முழங்கால் வலியுள்ள எல்லாருக்கும் பயன்படும். தரை நீரோடும் சாய்வு 1:50ஐத் தாண்டினால் நாற்காலி தானாக உருளும்.

பெண்களுக்குரிய தொழுமிடம் மேல்மாடியில் அமையும் பள்ளிவாயல்களில் மின்தூக்கி இல்லாவிட்டால் நடக்க இயலாத பெண்களுக்கு அந்த இடம் இல்லை என்றே பொருள். கீழ்த்தளத்தில் திரையிட்ட பகுதியொன்றைத் தனி வாசலுடன் ஒதுக்குவதே மலிவான வழி. குத்பா உரையைக் காது மந்தமானவர் விளங்கிக்கொள்ள, எதிரொலியைக் கூட்டும் பெரிய ஒலிபெருக்கி ஒன்றைவிட, சிறியவை பலவற்றைத் தாழ்ந்த ஒலியில் பரப்பி வைப்பது உதவும்.

மலசலகூடம்

குந்துமலகூடம் மட்டுமுள்ள கட்டடத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு மலசலகூடம் இருப்பதாகக் கொள்ள முடியாது. குறைந்தது ஓர் அறை 1.7 மீற்றருக்கு 2.2 மீற்றர் அளவில், உள்ளே 1.5 மீற்றர் திரும்பு வட்டத்துடன் வேண்டும். கொமட்டின் இருக்கை உயரம் 450 முதல் 480 மில்லிமீற்றர். அதன் ஒரு பக்கம் நாற்காலியை நிறுத்தி மாறி அமர 900 மில்லிமீற்றர் வெற்றிடம். மறுபக்கச் சுவரில் கிடைப்பிடி, வெற்றிடப் பக்கத்தில் தூக்கி மடிக்கும் பிடி. பிடிகளை இருக்கையிலிருந்து 200 முதல் 300 மில்லிமீற்றர் மேலே பொருத்த வேண்டும். ஒரு மனிதனின் முழுப் பாரமும் அதில் விழும் என்பதால், பொள்ளற்கல் சுவரில் சும்மா திருகாணி அடித்தால் ஒருநாள் கழன்றுவிடும். கட்டும்போதே அவ்விடத்தில் கொங்கிரீட் நிரப்ப வேண்டும்.

கழுவும் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் கவனம் தேவை. கொமட்டில் அமர்ந்தபடியே வலக்கையால் தண்ணீரைத் திறந்து இடக்கையால் கழுவ முடிகிறதா என்று பார்த்தே பொருத்த வேண்டும். வாளியும் கோப்பையும் தரையில் வைத்தால் குனிய முடியாதவருக்கு அவை இல்லாததற்குச் சமம். கதவு வெளிநோக்கித் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்நோக்கித் திறக்கும் கதவை அவரது உடலே மறித்துவிடும். கைகழுவும் தொட்டியின் கீழ் முழங்கால் நுழைய 700 மில்லிமீற்றர் வெளி வேண்டும், அதன் அடியில் அலுமாரி கட்டக்கூடாது. துடைப்பமும் பினோல் போத்தலும் அடுக்கிய, பூட்டுத் தொங்கும் ‘விசேட’ மலசலகூடங்கள் நாடெங்கும் உள்ளன. திறப்பு யாரிடம் என்று கேட்டு அலையவைக்கும் வசதியை வசதி என்று எழுதக்கூடாது.

மேல்மாடி

மின்தூக்கியின் உட்பெட்டி குறைந்தது 1.1 மீற்றர் அகலம், 1.4 மீற்றர் ஆழம். கதவு 900 மில்லிமீற்றர். பொத்தான்கள் தரையிலிருந்து 900 முதல் 1,100 மில்லிமீற்றருக்குள், புடைத்த எண்களுடன். மின்தூக்கிக்குப் பணமில்லாத அலுவலகமோ மருத்துவ நிலையமோ, மேல்மாடியில் தரும் அதே சேவையைக் கீழே ஓர் அறையில் தர ஏற்பாடு செய்ய வேண்டும். படிக்கட்டில் மிதியகலம் 300, எழுச்சி 150 மில்லிமீற்றர். எல்லாப் படியும் ஒரே அளவு. ஒவ்வொரு மிதியின் விளிம்பிலும் நிறம் மாறிய பட்டி. கடைசிப் படி மட்டும் ஓர் அங்குலம் குறைந்தோ கூடியோ இருப்பது பார்வையுள்ளவரையும் விழுத்தும்.

பார்வையும் செவியும்

அணுகுவசதி என்றாலே சாய்தளம் என்று நினைப்பதால் பார்வையற்றவரும் செவிப்புலனற்றவரும் மறக்கப்படுகிறார்கள். பார்வையற்றவருக்கு ஆபத்து, தலை மட்டத்தில் நீட்டிக்கொண்டிருப்பவை. சுவரில் தொங்கும் குளிரூட்டியின் வெளிப்பெட்டி, கடை முகப்பின் பெயர்ப்பலகை, படிக்கட்டின் அடிப்பக்கம் போன்றவை. நடக்கும் வழிக்கு மேல் 2.1 மீற்றர் தெளிவாக இருக்க வேண்டும். படியும் சாய்தளமும் தொடங்குமிடத்தில் புள்ளிபுடைத்த எச்சரிக்கைக் கல் பதிக்க வேண்டும். கோடுபுடைத்த கல் வழிகாட்டுவதற்கு. இரண்டையும் அழகுக்காக மாற்றி மாற்றிப் பதித்தால் அது பிழையான தகவல். முழுக் கண்ணாடிக் கதவில் கண்மட்டத்தில் நிறப்பட்டி வேண்டும். அறிவிப்புகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், பெரிய எழுத்தில், பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் நிறத்தில் இருக்கட்டும். வைத்தியசாலையிலும் வங்கியிலும் இலக்கத்தைக் கூவி அழைத்தால் மட்டும் போதாது. திரையிலும் காட்ட வேண்டும். திரையில் மட்டும் காட்டுவதும் போதாது. தீ அபாய மணியுடன் மின்னும் விளக்கும் இணைந்திருக்க வேண்டும்.

கடற்கரை

கடற்கரைப் பூங்காவுக்கும் ஒழுங்குவிதி பொருந்தும். மணலில் சக்கர நாற்காலி புதையும் என்பதால் பலகைப் பாதை தேவை. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறக்கப்பட்ட மரப்பாதையின் ஒரு பகுதி, அடுத்த மாதமே மாண்டஸ் புயலின் அலையில் சேதமானது. 2004 ஆழிப்பேரலை கண்ட காத்தான்குடிக் கரைக்கு அதிலிருந்து எடுக்கக்கூடிய பாடம், கழற்றி எடுத்துவைக்கும் துண்டுகளாகப் பாதையை அமைப்பதும், நிலையான பகுதியை அலை எட்டாத தூரத்தில் நிறுத்துவதும்.

அனுமதி பெறும்போதும் மறுக்கப்படும்போதும்

கட்டட விண்ணப்பத்துடன் நகரசபைக்குக் கொடுக்கும் வரைபடத்தில் வீதிமட்டம், தரைமட்டம், சாய்தளத்தின் நீளம், சாய்வு, மலசலகூடத்தின் உள்ளளவு ஆகியவை எண்ணாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ‘சாய்தளம்’ என்று பெயர் மட்டும் எழுதிய வரைபடத்தைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் திருப்பி அனுப்புவதே முறை. இணக்கச் சான்றிதழுக்கான பரிசோதனையில் நாடாவும் மட்டப்பலகையும் போதும். 1.2 மீற்றர் நீளமான பலகையை மட்டமாகப் பிடித்து, தாழ்ந்த முனையில் இடைவெளி 100 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் சாய்வு 1:12ஐத் தாண்டிவிட்டது.

கட்டி முடிந்த பொதுக் கட்டடத்துக்குள் நுழைய முடியாமற்போனவர் முதலில் நிறுவனத் தலைவருக்கும் நகரசபைக்கும் எழுத்தில், புகைப்படமும் அளவும் திகதியும் சேர்த்து முறையிட வேண்டும். பயனில்லாவிட்டால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவை நாடலாம். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு மேல் நீதிமன்றத்தில் மனுச்செய்யவும் வழி தருகிறது.

புதிதாகக் கட்டுபவருக்கு ஒரு வார்த்தை. கொந்தராத்துக்காரரின் கடைசிக் கொடுப்பனவுக்கு முன், சக்கர நாற்காலியில் வாழும் ஒருவரையும் பார்வையற்ற ஒருவரையும் அழைத்து வாசல் முதல் மலசலகூடம் வரை தனியே சென்று வரச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறும் இடங்களைத் திருத்திய பின்னர் காசோலையைக் கொடுங்கள்.